இரண்டாவது மாங்கனி எங்கிருந்து வந்தது?

ஆனி மாதம் எங்கள் காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் துண்டை விரித்தும் புடவைத் தலைப்பை ஏந்தியும் பிடிப்பார்கள். யார் கையில் விழுகிறதோ அவருக்குச் சொந்தம். மண்டையில் விழுந்தாலும் பாக்கியம்தான்.

கதை தெரியாதவர் டெல்டாவில் குறைவு. பரமதத்தன் என்ற வணிகன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்துவிடுகிறாள் மனைவி புனிதவதி. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் மிச்சமிருந்த பழத்தைத் தின்றுவிட்டு, ருசி பிடித்துப்போய், இன்னொன்றையும் போடச் சொல்கிறான். அவள் உள்ளே போய்ச் சிவனை வேண்டுகிறாள். கையில் ஒரு பழம் வருகிறது. தின்றவனுக்கு நாக்கு சொல்லிவிட்டது, இது நாம் அனுப்பிய சரக்கில்லை என்று. 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில்தான் புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆன கதையே தொடங்குகிறது.

ஒரே ஒரு மாம்பழம். தின்று ஏப்பம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வணிகன் என்பதால் சரக்கு வந்த வழியைக் கேட்டான்.

2021 ஏப்ரல் 6 அன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சட்டமன்றத் தேர்தல். காரைக்காலுக்கு அதில் 5 தொகுதிகள். அதற்கு முந்தைய வாரங்களில் வாக்காளர்களின் கைப்பேசிகளில் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அதைத் தொட்டால் பா.ஜ.க.வின் வாட்ஸ்அப் குழுவுக்குள் போகலாம். வாக்குச்சாவடி வாரியாகக் குழு. உங்கள் எண் எது, நீங்கள் எந்தச் சாவடியில் வரிசையில் நிற்பவர் என்பதை ஒன்றோடொன்று பொருத்தத் தெரிந்த யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் ஆனந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே இந்தச் செய்தி வந்திருக்கிறது, ஆகவே பட்டியல் ஆதார் கிடங்கிலிருந்துதான் கசிந்திருக்க வேண்டும் என்பது அவர் மனு. எங்கள் தொண்டர்கள் மக்களிடம் நேரில் திரட்டிய எண்கள் என்றது கட்சி.

தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் அமர்ந்த அமர்வு, குற்றச்சாட்டை நம்பத்தகுந்தது என்றே சொன்னது. சைபர் கிரைம் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தேர்தல் ஆணையம் சொன்னபோது, பொறுப்பை இன்னொருவர் தலையில் தள்ளிவிடக் கூடாது என்று கடிந்துகொண்டது. ஆதாரை நடத்தும் தனித்துவ அடையாள ஆணையம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது.

பிறகு ஓட்டு போட்டோம். மே 2 அன்று எண்ணினார்கள். என்.ஆர். காங்கிரஸ் - பா.ஜ.க. கூட்டணி ஆட்சிக்கு வந்தது. 'இந்தா அம்மா, உன் எண் இவர்கள் கையில் சிக்கியது இப்படித்தான்' என்று எந்த அதிகாரியாவது நிரவியிலோ நெடுங்காட்டிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. தின்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கேட்கிற நாக்கு பரமதத்தனோடு போய்விட்டது போலிருக்கிறது.

தொண்டர்கள் நேரில் திரட்டினார்கள் என்பதைப் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எந்தக் கட்சித் தொண்டனும் தேர்தலுக்குத் தேர்தல்தான் கண்ணில் படுவான். அப்போதும் கையில் துண்டறிக்கை இருக்கும், சில சமயம் வேறேதாவது இருக்கும். எண்ணைக் குறிக்கிற நோட்டுப் புத்தகத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. தெய்வ அருளால் பழம் வந்தது என்று புனிதவதி சொன்னதையே நம்பாமல், அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான் புருஷன். காட்டினாள். நம் பரமதத்தர்களுக்கு அந்த அளவு சந்தேகம்கூட வரவில்லையே!

இந்த எண்கள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்ட கதையும் எங்கள் பிரதேசத்தில் தனிக்கதை. 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டத்தைச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும்தான் முதலில் தொடங்கினார்கள். நாடு முழுவதற்கும் நாங்கள் சோதனை எலி. பணம் வேண்டுமானால் கணக்கு வேண்டும். கணக்குக்கு ஆதார், ஆதாருக்குக் கைப்பேசி எண். சம்மதமா என்று கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டு, சாப்பிடச் சம்மதமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்கள். ரேஷன் கடைகள் பல வருஷம் பூட்டிக் கிடந்தன. பூட்டு துருவேறியது. அரிசியும் எண்ணெயும் கைக்கு வரவில்லை. கைரேகையும் கருவிழியும் எண்ணும் மட்டும் ஒழுங்காக இணைந்துவிட்டன. அரசாங்கத்தில் ஏதாவது ஒன்று உருப்படியாக நடக்கிறதென்றால் அது நம்மைக் கணக்கெடுக்கிற வேலையாகத்தான் இருக்கும்.

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன் ஒரு நாள். எண்ணெய் ஊறிய தாளுக்குள்ளிருந்து ஒரு முகம் என்னைப் பார்த்தது. யாரோ ஒரு அம்மாள். ஆதார் ஜெராக்ஸ். பெயர், கணவர் பெயர், தெரு, 12 இலக்கத்தில் 9 இலக்கம்; மீதி மூன்றின் மேல் கடலைமாவு அப்பிக்கிடந்தது. மூலையில் 'சிலிண்டருக்கு மட்டும்' என்று பேனாவால் குறுக்கே எழுதியிருந்தார். பாவம், அவர் எழுதியதுதான் இந்த நாட்டின் மிக நேர்மையான தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதுவும் பஜ்ஜிக்குத் தாளாகிவிட்டது. தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்குகிறார். நான் அந்தத் தாளை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குக் காரைக்காலில் தரவுப் பாதுகாப்புக்காக யாரும் அதைவிடப் பெரிதாக எதுவும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருகிறவர்கள் பாவத்தைத் தொலைக்க நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு உடுத்திய துணியை விட்டுப்போவது வழக்கம். இப்போது கூடுதலாக ஆதாரையும் விட்டுப்போகிறார்கள். அறை கேட்டால் 'வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க சார்' என்கிறார் வரவேற்பு மேசைப் பையன், அவருடைய சொந்த எண்ணைக் கொடுத்து. ஏழரைச் சனி ஏழரை வருஷத்தில் போய்விடும். அந்தப் பையனின் போனில் இருக்கும் படம் போகாது.

இதைப் பற்றி ஆதார் ஆணையம் எச்சரிக்கவே இல்லையா? எச்சரித்தது. இரண்டு நாள். 2022 மே 27 அன்று அதன் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஓட்டல்களும் சினிமா கொட்டகைகளும் அதை வாங்கி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது, நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஊரெல்லாம் திகைத்துப் போனது. அத்தனை வருஷமாகக் கொடுத்த நகல்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? மே 29 அன்று அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம்; வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதுமாம். உண்மையைத் தவறிப்போய்ச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்ட ஓர் அரசாங்கத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்கு முன்பு, 2018 மார்ச்சில், உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் ஆதார் தரவு எத்தனை பத்திரம் என்று விளக்கினார். 13 அடி உயரம், 5 அடி தடிமன் கொண்ட சுவருக்குள் இருக்கிறதாம். கடற்கரைக்காரனிடம் போய்ச் சுவரின் பெருமையைச் சொல்லலாமா? எங்களுக்கு வடக்கே தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் பாதியைக் கடல் தின்றிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அலை எந்தச் சுவரின் உயரத்தையும் விசாரித்துவிட்டு வரவில்லை. அந்தச் சுவர் பேச்சுக்கு இரண்டு மாதம் முன்னால்தான் ட்ரிப்யூன் நாளிதழின் நிருபர் ரச்னா கைரா 500 ரூபாய் கொடுத்து, 10 நிமிடத்தில், நூறு கோடிப் பேரின் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வாசலை விலைக்கு வாங்கி எழுதினார். ஆணையம் என்ன செய்தது? போலீசுக்குப் போய், நிருபரின் பெயரையும் சேர்த்து வழக்குப் பதியச் செய்தது. வீட்டுக்குப் பின்கதவு திறந்திருக்கிறது என்று சத்தம் போட்டவனைக் கட்டிவைத்து உதைப்பது நம் ஊர்ப் பண்ணையார் காலத்து நியாயம். அதற்கு இப்போது சர்வர் வைத்திருக்கிறார்கள்.

ஒரே கட்சியைச் சொல்கிறேன் என்று யாரும் முறைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் ஆந்திரா, தெலங்கானாவின் 7.82 கோடிப் பேரின் ஆதார் தரவு ஐடி கிரிட்ஸ் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது என்று ஆணையமே போலீசில் புகார் கொடுத்தது. அந்த நிறுவனம் தெலுங்கு தேசம் கட்சிக்குச் செயலி செய்து கொடுத்தது. மாம்பழம் இறைக்கிற திருவிழாவில் எல்லாக் கட்சித் துண்டும் விரிந்துதான் இருக்கிறது. நிறம் மட்டும்தான் வேறு.

சரி, அரசாங்கம் காக்கவில்லை, நாமே பூட்டு போட்டுக்கொள்வோம் என்று நினைத்தால் அதற்கும் வழியில்லை. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. புரளி. பெற்றோர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அனுப்பியவனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டியதுதான். மிரட்டல் வந்தது புரோட்டான் மெயில் வழியாக. கடிதங்களைப் பூட்டி அனுப்பும் சுவிட்சர்லாந்துச் சேவை அது. தமிழ்நாட்டுப் போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தச் சேவையையே நாடு முழுக்க முடக்கக் கிளம்பினார்கள். சுவிஸ் அதிகாரிகள் குறுக்கே வந்து பேசிய பிறகுதான் அது நின்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற பழமொழி நமக்குத் தெரியும். இது பக்கத்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அந்தக் காலத்தில் மொட்டைக் கடுதாசி வந்தால் தபால் நிலையத்துக்கா சீல் வைத்தார்கள்?

2023 மே மாதம் 14 செயலிகளை ஒரே மூச்சில் தடை செய்தார்கள். காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். அதில் பிரையர் இருந்தது, எலிமெண்ட் இருந்தது. இரண்டும் மூலநிரலை ஊர் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருள்கள். பிரையர், இணையமே இல்லாத வேளையில் பக்கத்துப் போனோடு புளூடூத் வழியே பேசும். புயல் அடித்து டவர் சாய்ந்துபோகிற கடற்கரையில் அது எத்தனை உதவி என்று கஜா பார்த்த நாகப்பட்டினத்துக்காரரைக் கேளுங்கள். எலிமெண்ட்டின் கதை இன்னும் சுவை. அதே மென்பொருளை எடுத்துத்தான் பிரெஞ்சு அரசாங்கம் 2019இல் 'சாப்' என்று தன் ஊழியர்களுக்காகச் செயலி செய்து கொடுத்தது. எங்கள் பழைய துரைமார் தங்கள் குமாஸ்தாக்கள் கையில் கொடுத்த பூட்டு, இங்கே பயங்கரவாதியின் ஆயுதம்!

பிரான்ஸ் என்றதும் எங்கள் ஊரில் யாரும் அதை அயல்நாடாக நினைப்பதில்லை. தெருவுக்கு ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவரை அப்படித்தான் சொல்வோம். 1974இல் பிரெஞ்சு அரசு, குடிமக்களின் எல்லாக் கோப்புகளையும் ஒரே எண்ணால் கோர்க்க ஒரு திட்டம் போட்டது. திட்டத்தின் பெயர் சஃபாரி. மார்ச் 21 அன்று லெ மோந்து பத்திரிகை அதை வெளியே போட்டு, பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடவா என்று தலைப்பே வைத்துக் கேட்டது. நாடு கொதித்தது, திட்டம் போனது, 1978 ஜனவரியில் தரவுக் காப்புச் சட்டமும் அதைக் காக்கத் தனி ஆணையமும் வந்தன. ஆக, எங்கள் தெருவில் சொல்தாவின் ஓய்வூதியக் கோப்பு, குடிமகனை ஒரே எண்ணாக்கக் கூடாது என்று கொதித்தவர்களின் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு 12 இலக்கம். 1954 நவம்பர் 1 அன்று விடுதலை பெற்றது நாங்கள்தான் என்பதை அவ்வப்போது எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமக்கும்தான் சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில். அந்த விதிகளோடு வந்த அட்டவணையைப் படியுங்கள், எரிச்சலில் பல் கூசும். என் தரவு யாரிடம் இருக்கிறது என்று கேட்கவும், திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும் எனக்குக் கிடைக்கும் உரிமைகள் அமலுக்கு வர 18 மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தியிருக்கிறது. தனிநபர் தகவல் என்று சொல்லிவிட்டால் அதிகாரி பதில் தராமல் இருக்கலாம் என்கிற திருத்தம். அது மட்டும் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டது. குடிமகனுக்குக் கதவு செய்ய ஒன்றரை வருஷம் ஆகும், அதிகாரிக்குத் திரை தைத்து மாட்டியாகிவிட்டது.

இன்னும் இருக்கிறது. மத்திய அரசு விரும்பினால் தன் எந்த அமைப்பையும் இந்தச் சட்டத்திலிருந்து அறிவிக்கை போட்டு விலக்கிவைக்கலாம். தரவுக் காப்பு வாரியத்தை நியமிப்பதும் அதே அரசுதான். பொய்யாகவோ அற்பமாகவோ புகார் கொடுத்தால் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பஜ்ஜித் தாள் அம்மாள் நாளைக்குப் புகார் கொடுக்கப் போனால் அது அற்பமா, அற்பமில்லையா என்று யார் முடிவு செய்வது?

அதே நவம்பரில் இன்னொரு கூத்தும் நடந்தது. இனி விற்கும் ஒவ்வொரு போனிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 28ஆம் தேதி உத்தரவிட்டது. விஷயம் வெளியே வந்து நாடே சத்தம் போட்டதும் டிசம்பர் 3 அன்று வாபஸ். சத்தம் போட்டால் நடக்கிறது. இதை எழுதும்போது எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது.

நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். சாவுச் செய்தி, காய்ச்சல், மீன் ஏலம், பள்ளி வீட்டுப்பாடம், கோயில் வரி, கந்தூரி நோட்டீஸ் எல்லாம் இன்று ஒரே நிறுவனத்தின் பச்சைப் பெட்டிக்குள். அதனால்தான் கட்சிக்கும் அந்த ஒரு பெட்டிக்குள் கைவிட்டால் போதுமாயிருந்தது. மாற்றே இல்லையா என்றால், இருக்கிறது. மாஸ்டடான் என்று ஒரு சமூக வலைத்தளத்தை 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ராச்கோ என்ற இளைஞர் தொடங்கினார். மின்னஞ்சல் மாதிரி ஆளுக்கொரு சர்வர், எல்லாம் ஒன்றோடொன்று பேசும், முதலாளி என்று ஒருவர் கிடையாது. நம்மவர்களுக்குப் புரியாது என்று சொல்லாதீர்கள். காரைக்கால் இங்கே, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரக் கோதாவரியில். நடுவில் அடுத்தவன் நிலம், ஆனாலும் ஒரே பிரதேசம். சிதறிக் கிடந்தபடியே சேர்ந்திருப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கை முடக்கியபோது ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு மாஸ்டடானுக்குக் குடிபோனது. அதில் பெரும்பாலோர் சில வாரத்தில் திரும்பிவிட்டார்கள், மாமியார் வீட்டுச் சண்டை மாதிரி. சுதேசி என்று வந்த கூ தளம் 2024இல் கடையைக் கட்டியது. 2025இல் மத்திய அமைச்சர்கள் கொண்டாடிய அரட்டை என்ற செயலியில், அவர்கள் கொண்டாடிய நாளில், எழுதி அனுப்பும் செய்திகளுக்கு முழுப் பூட்டு கிடையாது. நம்முடையது என்ற பெருமை இருந்தது, பூட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நான் ஒரு காரியம் கேட்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. தேர்தல் நேரத்தில் கட்சிகளின் குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. தேதியும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். அடுத்து வாக்காளர் சீட்டோடு அந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வருவார்; காபி கொடுத்து உட்காரவைத்து, என் எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது தம்பி என்று கேளுங்கள். அவர் சிரித்து மழுப்புவார். அதே கேள்வியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, படத்தையும் சேர்த்துத் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் ஜெராக்ஸ் இணைக்கச் சொன்னால் இணைக்காதீர்கள்.